மைதானத்துச் சுண்டலும் நமது பெருங்காயமும்

கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளென்றால் அரங்கத்தைச் சுற்றியுள்ள நம் கடைகளுக்குத் திருவிழாதான். மாவும் எண்ணெயும் கடலையும் மூட்டை மூட்டையாக உள்ளே போகும். சமோசா, பப்ஸ், சாண்ட்விச், நூடுல்ஸ் என்று அங்கே விற்பவற்றில் பெரும்பகுதி கோதுமையும் மைதாவும்தான். கோதுமையே ஆகாத ஒருவர் அங்கே எதைச் சாப்பிடுவார்? சென்ற ஆண்டு வரை நானும் இதை யோசித்ததில்லை.

என் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகனை ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்றார். பையனுக்குச் சீலியாக் நோய். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று இட்லிப் பொட்டலத்தை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே சுண்டல் வாங்கிக் கொடுத்தார். சுண்டலில் கோதுமை ஏது? ஆனால் அன்றிரவே பையனுக்கு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. சுண்டல்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தாளிப்பில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருந்தது. அது என் கடையிலிருந்து போன சரக்கு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்தும். ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இதற்குரிய சிகிச்சை. “கொஞ்சம்தானே” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட நமது உணவுப் பாதுகாப்பு விதிகள் இடந்தரவில்லை. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பாக்கெட்டில் அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளும் சொல்கின்றன.

“நூற்றில் ஒருவருக்காக இத்தனை பாடா?” என்று சிலர் கேட்கலாம். புதிதாகச் சரக்குத் தேட வேண்டியதில்லையே! அரிசி, உளுந்து, கம்பு, கேழ்வரகு, சோளம், பயறு, நிலக்கடலை எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. நம் கடையில் என்றும் இருப்பவை. கெடுப்பது கலப்புதான். கோதுமை அரைத்த எந்திரத்திலேயே அரிசியை அரைப்பது, சமோசா பொரித்த எண்ணெயில் முறுக்குப் போடுவது, மைதாச் சாக்குக்குள் கிடந்த அளவைப் படியைக் கடலை மாவில் விடுவது. இவை பழக்கத்தால் வரும் தவறுகள். பழக்கத்தால் திருத்தவும் முடியும்.

என் யோசனைகள் இவை. அரங்கக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள், அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் எது, மைதா சேர்த்தது எது என்று பட்டியலிலேயே குறித்துக் கொடுக்கட்டும். உள்ளே கடை எடுப்பவர்கள், சேர்மானம் அச்சிட்டு மூடி வந்த வறுகடலை, கடலை மிட்டாய் போன்றவற்றைத் தனித் தட்டில் வைக்கட்டும். வாழைப்பழம் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவச் சான்று காட்டுவோரின் சாப்பாட்டை உள்ளே விடும்படி அரங்க நிர்வாகங்களிடம் நம் சங்கம் மனுக் கொடுக்கட்டும். நமக்கு இரண்டு பொட்டலம் விற்பனை குறையும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “இதில் கோதுமை இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டால், தெரியாதபோது “தெரியாது” என்று சொல்லப் பழகுவோம். “ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள்” என்பது வியாபாரச் சாமர்த்தியம் அல்ல. அந்த வாடிக்கையாளர் இன்றும் என் கடைக்கு வருகிறார். பெருங்காய டப்பாவைத் திருப்பி அவர் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் தலை குனிகிறது. அவருக்கு முன்பே நான் படித்திருக்க வேண்டும்.