ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் உண்டா?

தாய்மார்களே! விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி வீடு திரும்பினால் அடுப்பு காத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தது. அந்த ஞாயிறு கோயில் முடிந்ததும் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிறார். அம்மா துணி துவைக்கிறாள்.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை பிள்ளைகள், வேலைக்காரர், ஆடுமாடு, அந்நியர் எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறது. மனைவி என்று தனியாக இல்லையே என எந்தக் கணவரும் வாதாட வேண்டாம்! மாட்டுக்கே ஓய்வு உண்டே.

சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீடர்களை இயேசு ஓய்வெடுக்கத் தனியிடம் கூட்டிப்போனார் (மாற்கு 6). கூட்டம் அங்கேயும் வந்துவிட்டது, அது வேறு!

துணியைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். பாத்திரம் பையன்கள் கழுவட்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் படுங்கள். எழும்போது தேநீர் வீட்டுக்காரர் கையால் வரட்டும்.