கரையில் இருப்போர் கடமை

கார்த்திகைத் தீபத்துக்கு முந்திய வாரத்தில் நம் திருவண்ணாமலையில் தெருவில் இறங்கி நடப்பதே அரிது. வெளியூர் மக்கள் வெள்ளமெனத் திரளுவர். மாலைத் திருப்பலிக்கு வருவோர் தொகையோ அந்நாள்களில் குறைந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில், பூசை முடிந்து நாம் திருவுடை களைந்துகொண்டிருந்தபோது, ஒரு தாய் வந்து வாசலில் நின்றார். கையில் கைப்பேசி; கண்கள் சிவந்திருந்தன.

"சாமி, பிள்ளை பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது" என்றார்.

பிள்ளை கடற்படையில் சேர்ந்தவன். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரைப் பயிற்சி நிலையத்தில் பதினாறு வாரம் பயின்று தேறியவன். பின்னர் குஜராத்தின் ஜாம்நகரில், ஐ.என்.எஸ். வல்சுராவில் மின்தொழில் கற்றவன். இப்போது விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பலில் அவனுக்கு முதற்பணி. "கப்பல் கடலுக்குப் போயிருக்கும், அம்மா, நடுக்கடலில் கைப்பேசிக்கு இணைப்புக் கிடையாது" என்றோம். "போகும்போது சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? நாள்தோறும் நாற்பது தடவை கூப்பிடுகிறேன்" என்றார் அவர். இரவு உணவை விட்டுவிட்டதாகவும், வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டதாகவும் கூறினார்.

இருபத்து மூன்றாம் நாள் பிள்ளை பேசினான். தாய் அழுதார், பின் ஏசினார், பின் மீண்டும் அழுதார். கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுத நேர்ந்திராது. சில வாரங்களில் விடுமுறையில் வந்த அந்த இளைஞன் நம்மைக் காண வந்தான். வளர்ந்து, தோள் விரிந்து, நிமிர்ந்து நின்றான். ஆயினும் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின் சொன்னான்: "ஃபாதர், பயிற்சியில் எனக்குக் கஷ்டமே தெரியவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம்தான் பயம். கைப்பேசியைத் திறந்தால் அம்மாவின் அழுகை. அன்றிரவு காவலில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். மனம் வீட்டிலேயே இருக்கும். ஒரு தடவை மேலதிகாரி கேட்டதற்குத் தவறான பதில் சொல்லிவிட்டேன்."

கப்பலில் காவல் நிற்போன் மனம் வேறிடத்தில் இருப்பது அவனுக்கு மட்டுமா ஆபத்து? அக்கப்பலில் உள்ள அனைவருக்கும் ஆபத்து. அன்றிலிருந்து இதைப்பற்றி எழுதவேண்டும் என்றிருந்தோம்.

நம் பகுதி படைக்கு ஆள் அனுப்பிப் பழகிய பகுதி. வேலூர் நீண்ட கடைவீதி மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டைப் பலர் கண்டிருப்பீர்கள்: 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர். கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையில் படைவீரர் இல்லாத வீட்டைத் தேடவேண்டும். ஆனால் இவையெல்லாம் தரைப்படை மரபு. தரைப்படை வீரனின் தாய்க்கு மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்றாவது தெரியும். கடற்படை வீரனின் தாய்க்கு அதுவும் தெரியாது. கடற்கரை ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதற்குப் பழகியவர்கள். வள்ளம் வரத் தாமதித்தால் என்ன செய்வது, எப்போது அஞ்சுவது, எப்போது அஞ்சாதிருப்பது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கோ சாத்தனூர் அணைதான் கடல். நம் பிள்ளைகள் எங்கே சென்றாலும் மலையைப் பார்த்துத் திசை அறிந்து வளர்ந்தவர்கள். கிணறுகள் வற்றி ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் நம் சிறுவர்கள் பலருக்கு நீச்சலும் மறந்துபோயிற்று. சிலிகாவுக்குச் சென்றுதான் அதைக் கற்கிறார்கள்.

அந்நிலையத்தைப்பற்றி ஒரு சொல். ஐ.என்.எஸ். சிலிகா 1980-இல் நிறுவப்பட்டது. இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பாலுகாவ் என்னும் ஊரருகே உள்ளது. அக்னிபாதை என்னும் புதிய திட்டத்தின்கீழ்ச் சேர்ந்த முதல் அணி 2023 மார்ச் 28 அன்று அங்கே அணிவகுத்து வெளியேறியது. வழக்கத்துக்கு மாறாகப் பொழுது சாய்ந்தபின் அந்த அணிவகுப்பு நடைபெற்றது. அவ்வணியில் 273 பெண்பிள்ளைகளும் இருந்தனர். ஆதலால் நாம் 'பிள்ளை' என்று எழுதுமிடமெல்லாம் மகளையும் சேர்த்தே வாசியுங்கள்.

அணிவகுப்பு நாளில் பெற்றோர் கண்ணீர் மல்கப் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். கடினமான பகுதி முடிந்தது என்று எண்ணித் திரும்புகின்றனர். உண்மை வேறு. பயிற்சி நிலையத்தில் ஒரே வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாய் எழுந்து, ஒன்றாய் ஓடி, ஒன்றாய்த் திட்டு வாங்குகின்றனர். துயரம் அங்கே பங்கிடப்படுகிறது. அதன்பின் பொறித்தொழில் கற்போன் லோணாவாலாவுக்கும், மின்தொழில் கற்போன் ஜாம்நகருக்கும், பீரங்கி கற்போன் கொச்சிக்குமாகப் பிரிகின்றனர். இறுதியில் ஒரு கப்பலில் எல்லாரினும் இளையவனாக, எவரையும் அறியாதவனாக, இந்தியைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவனாகத் தனியே ஏறுகிறான். அந்த முதல் ஆண்டுதான் அவனுக்கு வீடு மிகவும் தேவைப்படும் காலம். அப்போதுதான் நாமோ, 'பிள்ளை தேறிவிட்டான்' என்று அவன்மீது சுமையேற்றத் தொடங்குகிறோம்.

முதற் சுமை பணம். போளூர்ப் பக்கத்தில் ஒரு தந்தை, மகன் கப்பலேறிய மாதமே அவன் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி ஓட்டு வீட்டை மாடி வீடாக்கத் தொடங்கினார். கணக்கைப் பாருங்கள். 2022-இல் அத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது வகுத்தபடி, முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். கைக்கு வருவது 21,000. சேவை நான்கு ஆண்டு. முடிவில் அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் நிலையான சேவைக்கு எடுக்கப்படுவர் என்பது அன்று சொல்லப்பட்ட விதி. அந்த நான்காண்டில் திருமணமும் கூடாது. ஆகவே இப்போதே பெண் பார்த்து வாக்குக் கொடுத்து வைக்கும் அவசரம் வேண்டாம். நான்கு ஆண்டுக்குப்பின் மகன் வீடு திரும்பக் கூடும் என்று தெரிந்திருந்தும், பத்து ஆண்டுக் கடனை அவன் பெயரால் ஏற்பது எந்த நியாயம்? அந்த இளைஞன் மாதம் 14,000 வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சக வீரர்கள் துறைமுகத்தில் இறங்கிச் சிற்றுண்டி உண்ணச் செல்லும்போது, 'எனக்குப் பசியில்லை' என்று கப்பலிலேயே இருந்துவிடுவானாம்.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு, மறைக்க மாட்டோம். நம் கோவில் தேரைப் புதுப்பித்தபோது, கப்பலில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பிள்ளையைக் கோவில் முற்றத்தில் பலர் நடுவே நிறுத்தி, "தம்பி முதற் சம்பளத்தில் ஐயாயிரம் தருவார்" என்று நாமே அறிவித்தோம். அவன் தலையசைத்தான். கொடுத்தும்விட்டான். உடன் பணியாற்றிய ஒருவரிடம் கடன் வாங்கிக் கொடுத்தான் என்பது பின்னர்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கச் சென்றோம்; வாங்க மறுத்துவிட்டான். அத்தேரைக் காணும்போதெல்லாம் நமக்கு வண்ணம் தெரிவதில்லை, அவன் தலையசைத்ததே தெரிகிறது.

விடுமுறை ஆண்டுக்கு முப்பது நாள். அந்த முப்பது நாளும் உறவினர் வீடுகளுக்கு ஊர்வலம் போவதற்கும், 'மிலிட்டரி சரக்கு எங்கே?' என்று கேட்கும் மாமன்மாரிடமிருந்து தப்புவதற்குமே போய்விடுகிறது. அவன் தூங்கட்டும். தாயின் கைச் சோற்றை அமைதியாக உண்ணட்டும்.

இரண்டாம் சுமை அச்சம். அச்சமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். 1971 டிசம்பர் 9 அன்று நம் குக்ரி என்னும் போர்க்கப்பல் டையூவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டபோது அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் மாண்டனர். கடல் விளையாட்டு அன்று. ஆனால் கைப்பேசி மௌனமாக இருப்பது விபத்தின் அடையாளமும் அன்று. கப்பலின் போக்குவரத்தை வீட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது என்பது கட்டளை. உளவு வழக்கு ஒன்றில் மாலுமிகள் சிலர் கைதானதைத் தொடர்ந்து 2019 டிசம்பரில் கப்பல்களிலும் கடற்படைத் தளங்களிலும் ஸ்மார்ட்ஃபோனையே தடைசெய்தனர். ஆதலால், 'என் மகன் இன்ன கப்பலில் இன்று புறப்படுகிறான்' என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு மகிழும் பெற்றோர் அவனுக்குத் தீங்கே செய்கின்றனர். நம்மிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோரும் உளர்: "அரக்கோணத்தில் ராஜாளி என்று கடற்படைத் தளம் 1992 முதல் இருக்கிறதே, சாமி, அங்கே மாற்றித் தரச் சொல்லுங்கள்." பங்குச் சாமியாரின் கடிதத்துக்குக் கடற்படை செவிசாய்க்கும் என்று நம்பும் உள்ளங்களை எண்ணிச் சிரிப்பதா, இரங்குவதா?

மறைநூலில் தோபித்தின் வரலாற்றை அறிவீர்கள். மகன் தோபியா தொலைதூரம் புறப்பட்டபோது தாய் அன்னா அழுதாள். பணத்துக்காகவா பிள்ளையை அனுப்பினீர் என்று கணவரை நொந்தாள். நாள்தோறும் அவன் சென்ற வழியையே பார்த்திருந்தாள். தேவதாய்மாரின் கண்ணீரை மறைநூல் இகழவில்லை. ஆயினும் நாம் அதில் கவனிப்பது வேறொன்று. தொலைவிலிருந்த தோபியாவுக்கும் தெரியும், தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார் என்று. திருமண விருந்தின் நடுவிலும் அந்த எண்ணிக்கை அவனை உறுத்துகிறது. நாம் எண்ணும் எண்ணிக்கை நம்மோடு நின்றுவிடுவதில்லை. தோபித்து மகனைத் தடுக்கவில்லை. உடன் செல்பவர் யார், எக்குடும்பத்தவர் என்று விசாரித்து அறிந்து, ஆசி கூறி அனுப்பினார். நாமும் அவ்வாறே கேட்கலாம்: உன் தோழன் யார்? அவன் எந்த ஊர்? அவன் தாய் நலமா? 'பூசைக்குப் போனாயா?' என்று குற்றவிசாரணை செய்வதைவிட இக்கேள்வி அதிகம் உதவும். நடுக்கடலில் ஞாயிறு பூசை தவறினால் பாவமாகுமோ என்று கலங்கும் அன்னையரே, இயலாததைச் செய்யும்படி திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தியதில்லை. சட்டைப்பையில் ஒரு செபமாலை போதும். துறைமுகம் வந்ததும் ஆலயம் தேடிச் செல்வான். விசாகப்பட்டினத்திலும் மும்பையிலும் கொச்சியிலும் ஆலயங்களுக்குக் குறைவில்லை.

அத்தாயிடம் நாம் சொன்னது ஒன்றே: "கூப்பிடாதீர்கள், அம்மா, எழுதுங்கள்." பேச்சுக்கு உடனே பதில் வேண்டும். கடிதத்துக்கு வேண்டியதில்லை, அது அவன் ஓயும்வரை காத்திருக்கும். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் முகவரி மாறாது: பெயர், பதவி, எண், கப்பலின் பெயர், பின் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், விசாகப்பட்டினம். மேற்குக் கடற்படையாயின் மும்பை. கப்பல் எங்கிருக்கிறது என்பதை அறிந்து சேர்ப்பது அவர்கள் வேலை.

"என்ன எழுதுவது, சாமி? நான் ஐந்தாம் வகுப்பு" என்றார். "வீட்டுச் சண்டையையும் கடனையும் தவிர எதையும் எழுதுங்கள்" என்றோம். முதற் கடிதத்தை நம்மிடம் காட்டிவிட்டுத்தான் அஞ்சலில் இட்டார். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு. ஏரியில் பாதி நீர். மல்லாட்டைக்கு இம்முறை விலை பரவாயில்லை. தீபத்தன்று மொட்டைமாடியில் நின்று பார்த்தோம், நீ இருந்த இடத்தில் தங்கை நின்றாள். இரவு செபமாலையில் ஐந்தாம் பத்து உனக்கு. இவ்வளவே.

இப்போது ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஒட்டிய கடிதத்துடன் வந்து நிற்கிறார். இரவில் உண்கிறாராம். கப்பலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தமக்கு வராது என்பார். நாம் முகவரி எழுதிக் கொடுக்கிறோம்.