மரம் வாங்கும்போது யாரைக் கேட்பது?

ஊரில் வீடு கட்டியவர்களுக்கு மரக்காலையை நினைவிருக்கும். உள்ளே நுழைந்ததும், "எதற்கு மரம்? கதவு நிலைக்கா, யன்னலுக்கா, கூரைக்கா?" என்று மரக்காலைக்காரர் கேட்பார். விடை தெரியாமல் விழித்தால், "ஆசாரியாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆசாரியார் வந்து முதிரை எது, பாலை எது, வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்று பார்த்துத் தெரிவு செய்வார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பணத்தைக் கொடுத்தாற் போதும்.

புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டில் அந்த ஆசாரியாரும் இல்லை, அந்த மரக்காலைக்காரரும் இல்லை. பள்ளிக்கூட மைதானம் போன்ற பெரும் ஹாட்வெயார் கடைகளில் மரம் வானளாவ அடுக்கப்பட்டிருக்கிறது. வேண்டியதை நாமே எடுத்து வண்டிலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எடுத்தது சரியா பிழையா என்று சொல்ல எவரும் வருவதில்லை. இக்காலத்தில் எம்மவரிற் பலர் சொந்த வீடு வாங்கி, வேலியும் படியும் நிலக்கீழ் அறையும் தாமே திருத்த முற்படுகின்றனர். ஆதலால் எமக்கு நேர்ந்த ஒன்றை இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

2013ஆம் ஆண்டு ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். பின்வாசற் படிகள் மூன்றும் உக்கிப் போயிருந்தன. ஆள் பிடித்தால் செலவு என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை நண்பகல் கடைக்குச் சென்றோம். சனக்கூட்டத்தின் நடுவே கடையின் மேலங்கி அணிந்த ஓர் இளைஞரைக் கண்டு, "படி கட்ட மரம் வேண்டும்" என்றோம். அவர் விரைவான ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எமக்கு விளங்கவில்லை. ஆயினும் தலையை ஆட்டி "யெஸ்" என்றோம். அவர் ஓர் அடுக்கைக் கைகாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஊரில் பதினேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர்கள் நாம். "விளங்காவிட்டால் கையை உயர்த்துங்கள், வெட்கப்படாதீர்கள்" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்! அன்று எமக்கு அந்த ஒரு கையை உயர்த்த முடியவில்லை.

படிகளைக் கட்டினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தன. 2017ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கறிவேப்பிலைச் சாடியை வெளியே வைக்கப் போன எமது மாமியாரின் காலடியில் நடுப்படி முறிந்தது. மணிக்கட்டு எலும்பு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார். "வயது போனால் விழுகிறதுதானே" என்று அவர் எம்மைத் தேற்றினார். அவர் தேற்றியதே எமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அதன் பின்னரே தெரிந்தவர் ஒருவரைத் தேடினோம். கிளிநொச்சியில் முப்பது ஆண்டுகள் தச்சுத் தொழில் செய்த அண்ணர் ஒருவர் எமது அயலில் வசிக்கிறார். அக்காலத்தில் இரவு வேளைகளில் அலுவலகங்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தார். முறிந்த பலகையை நகத்தாற் கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாத்தியார், இது வீட்டுக்குள்ளை சுவருக்குப் போடுற மரம். மண்ணிலை முட்ட வைச்சால் உக்காமல் என்ன செய்யும்? கடையிலை ஆரையும் கேட்கேல்லையோ?"

"கேட்டோம் அண்ணை."

"அவர் உங்களிட்டை என்ன திருப்பிக் கேட்டவர்?"

நாம் பதில் சொல்லவில்லை. அந்த இளைஞர், உள்ளுக்கா வெளிக்கா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எமது தலையாட்டல் அவரைப் பிழையான அடுக்குக்கு அனுப்பிவிட்டது. பிழை அவருடையதன்று.

அண்ணர் எம்மை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்கு அழைத்துச் சென்றார். அந்நேரத்திலேயே கட்டடத் தொழிலாளர் அன்றைய வேலைக்கு மரம் வாங்க வருவர் என்பதும், மரம் தெரிந்த ஊழியர்கள் அவ்வேளையில் பணியில் இருக்கக்கூடும் என்பதும் அவரது கணிப்பு. ஒப்பந்தக்காரருக்கென ஒதுக்கிய மேசையில் நரைத்த தலையுடன் ஒருவர் இருந்தார். முன்னர் தச்சராக வேலை செய்தவராம். அவர் ஆங்கிலத்தில், அண்ணர் தமிழில், நடுவே மொழிபெயர்ப்பாளராக நாம். சிறிது நேரத்தில் எமது தேவை குறைந்துவிட்டது. அண்ணர் ஒரு மரத்தை எடுத்து, ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறுமுனை வரை நோக்கினார். மேசைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்து அவ்வாறே நோக்கினார். வளைந்தவற்றையும் முறுகியவற்றையும் இருவரும் ஒருபுறம் ஒதுக்கினர்.

எம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. முப்பது ஆண்டு அனுபவமுள்ள அண்ணர் அன்று பத்துக் கேள்விகளாவது கேட்டார். இந்நாட்டு மரம் தமக்குப் புதிது என்பதை அவர் மறைக்கவில்லை. மேசைக்காரரும் மரத்தைக் காட்டுமுன் எம்மிடம் வினவினார்: வெளியே வைப்பதா? மண்ணில் முட்டுமா? எவ்வளவு அகலம்? கீழே எத்தனை தாங்கு மரம்? இதிலிருந்து நாம் கற்றது இதுதான்: அறிந்தவர் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். ஒன்றும் கேளாமல் "பதினான்காம் வரிசை" என்று கைகாட்டுபவரிடம் நன்றி கூறிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். கேட்ட கேள்வி விளங்காவிட்டால், விளங்கும் வரை திருப்பிக் கேளுங்கள்.

வாசக அன்பர்களுக்குப் பயன்படும் சிலவற்றை இங்கே தருகிறோம்.

கடைக்குப் போகுமுன் செய்ய நினைப்பதை ஒரு தாளில் வரைந்து, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய படியின் புகைப்படம் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் படம் தடுமாறாது. சனி, ஞாயிறு நண்பகலைத் தவிர்த்து, வாரநாட் காலையிற் செல்லுங்கள். கண்ணிற் பட்ட முதல் ஊழியரிடம் கேளாது, மரப்பகுதிக்குரியவர் யார் என்று விசாரியுங்கள். பூச்சுப் பகுதியில் வேலை செய்பவருக்கு மரம் தெரியவேண்டும் என்பதில்லை.

மரமே முதன்மை வியாபாரமாக உள்ள சிறிய மரக்காலைகள் இங்கும் உண்டு. விலை சில வேளைகளிற் சற்றுக் கூடலாம். ஆனால் பல ஆண்டுகளாக அதே மேசையில் நிற்பவர்களை அங்கே காணலாம். 1964ஆம் ஆண்டு ஒன்ராறியோவில் தொடங்கப்பட்ட ஹோம் ஹாட்வெயார் அமைப்பில், கடைகள் உள்ளூர் உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. அவை எல்லாவற்றிலும் மரம் கிடைக்காது. 'பில்டிங் சென்ரர்' என்று பெயர்ப்பலகையில் உள்ளவற்றைத் தேடுங்கள்.

சில அடிப்படைகளைத் தெரிந்துகொண்டு போனால் நாம் கேட்கும் கேள்வியும் தெளிவாக இருக்கும். 'இரண்டுக்கு நான்கு' என்று விற்கப்படும் மரம் உண்மையில் ஒன்றரை அங்குலத் தடிப்பும் மூன்றரை அங்குல அகலமும் உடையது. உலர்த்திச் சீவிய பின் எஞ்சும் அளவு அது. எவரும் எம்மை ஏமாற்றவில்லை. ஆனால் இதை அறியாமற் கணக்கிட்டால் ஒவ்வொரு பொருத்தும் பிழைக்கும். நீளம் மட்டும் சொன்னபடி இருக்கும்.

மரத்தின்மேல் ஒரு முத்திரை குத்தப்பட்டிருக்கும். 'எஸ்-பி-எஃப்' என்றால் ஸ்புரூஸ், பைன், ஃபேர் ஆகிய மூவின மரங்களுள் ஒன்று. 'கே.டி.' என்றால் சூளையில் உலர்த்தியது. 'எஸ்-கிறீன்' என்றிருந்தால் ஈரம் உள்ள மரம். உலரும்போது அது சுருங்கும், வளையும். சுவருக்குள் வைப்பதற்கு அது உகந்ததன்று.

வெளியே வைப்பதற்கு, மருந்து ஏற்றிய 'பிரஷர் றீற்றட்' மரத்தைக் கேளுங்கள். அதிலும் மண்ணில் முட்டக்கூடியது, மண்ணுக்கு மேலே மட்டும் வைக்கக்கூடியது என இரு வகை உண்டு. முனையில் அடித்திருக்கும் சிறு சீட்டில் அது எழுதியிருக்கும். இம்மரத்தை அறுத்தால், அறுத்த முனைக்கு அதற்குரிய மருந்தைப் பூச வேண்டும். இப்போதைய மருந்தில் செப்பு இருப்பதால் சாதாரண ஆணி விரைவில் அரித்துப் போகும். நாகமுலாம் தடிப்பாக ஏற்றிய ஆணிகளையோ, இம்மரத்துக்கென விற்கும் திருகாணிகளையோ வாங்குங்கள். 2003ஆம் ஆண்டு இறுதி வரை வீட்டுப் பாவனைக்கு வந்த மரத்தில் ஆசனிக் கலந்த மருந்து இருந்தது. ஆதலால் பழைய வேலி, படி ஆகியவற்றைக் கழற்றினால் அந்த மரத்தை ஒருபோதும் எரிக்காதீர்கள். புதிய மருந்து மரத்தையும் எரித்தலாகாது.

மூன்று படிக்கு மேற்பட்ட வேலை, உயர்ந்த மேடை, சுவரை இடித்தல் என்றால், முதலில் மாநகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் விசாரியுங்கள். அங்கே போனால் தண்டம் விதிப்பார்கள் என்று எம்மவரிடையே ஓர் அச்சம் உண்டு. ஊரில் சீருடைக்கும் அலுவலகத்துக்கும் அஞ்சி வாழ்ந்த எமக்கு அது இயல்பே. ஆனால் வேலை தொடங்குமுன் கேட்பவருக்கு எது விதி, எந்த அளவு வேண்டும் என்று எடுத்துச் சொல்லவே அப்பிரிவு இருக்கிறது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், மரம் தெரியாது. அப்பிள்ளை விளங்காமல் "ஓம்" என்று தலையாட்டினால், அதன் பழியை வாழ்நாள் முழுவதும் சுமக்கும். கேள்வியைப் பெரியவரே கேட்கட்டும். பிள்ளை சொற்களுக்கு மட்டும் துணை நிற்கட்டும்.

நிறைவாக ஒன்று. எம்மவர் மத்தியிலேயே தச்சரும் மேசன்மாரும் மின்னிணைப்பாளரும் பலர் உளர். இந்நாட்டுச் சான்றிதழ் இல்லாமையால் அவர்களிற் சிலர் தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் காலம் கழிக்கின்றனர். மரம் வாங்கப் போகும்போது அவர்களுள் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். "சும்மா ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைத்துத் தேநீருடன் அனுப்பிவிடாதீர்கள். அவரது அரை நாளுக்குரிய கூலியைக் கையிற் கொடுங்கள். எமது அண்ணர் முதலில் வாங்க மறுத்தார். "ஊரில் ஆசாரியாரைச் சும்மா அனுப்புவோமா?" என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் நின்று, பின்னர் வாங்கிக்கொண்டார்.

அப்படிகள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. கைபிடி ஒன்றையும் அண்ணரே பொருத்தித் தந்தார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டுதான் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கப் போகிறார்.