ஜெயித்தவன் டெல்லிக்குப் போகணுமா?

கலெக்டர் ஆபீஸ் எங்க வேங்கிக்காலில்தான் இருக்கு. திங்கட்கிழமை ஆனால் பஸ் முழுக்க மனுவோடு ஆட்கள். அப்படி ஒரு பெரியவர், "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சாச்சு தம்பி, ஆபீஸ்ல மட்டும் நடக்கல" என்றார். சென்னையில் அவமதிப்பு வழக்கு போடலாமே என்றேன் (பி.காம். படிக்கிறவன் சட்டம் பேசினால் இப்படித்தான்!). வக்கீல் முடியாது என்றாராம்.

வீட்டுக்கு வந்து படித்தேன். உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 215வது பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கு 129வது பிரிவு. தன்னை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் என்றுதான் இரண்டிலும் இருக்கிறது. முன்னாள் தலைமை நீதிபதி சபர்வால் பற்றி எழுதிய மிட் டே பத்திரிகையாளர்களை 2007ல் டெல்லி உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்களுக்கு வந்த அவமதிப்பை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம்.

சரி, தத்துவம் புரிகிறது. ஆனால் கூத்து அடுத்ததில்தான். சென்னையில் தோற்ற அரசு டெல்லிக்குப் போகிறது. மனு வாசலிலேயே தள்ளுபடி ஆனால், சென்னைத் தீர்ப்பு அப்படியே நிற்கும். அவமதிப்பு வழக்கும் சென்னையில்தான். அப்பீலாக அனுமதித்து, விசாரித்து, பிறகு தள்ளுபடி செய்தால் சென்னைத் தீர்ப்பு டெல்லித் தீர்ப்பில் கரைந்துவிடும். குன்ஹயம்மது வழக்கில் (2000) விளக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அதிகாரியின் வக்கீல் எழுந்து, "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை" என்பார். அதாவது எவ்வளவு முழுசாக ஜெயிக்கிறோமோ அவ்வளவு தூரம் ரயில் ஏறணும்! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கெடுவோ ஒரே வருஷம்.

இத்தனைக்கும் சிவில் வழக்கில் உச்ச நீதிமன்ற டிக்ரியை உயர் நீதிமன்றம் வழியாகக் கீழ்க்கோர்ட்டிலேயே நிறைவேற்றலாம். பணத்துக்கும் நிலத்துக்கும் நம்பலாம், அவமதிப்புக்கு மட்டும் நம்பக்கூடாதா? உயர் நீதிமன்றம் உத்தரவுக்கு வேறு அர்த்தம் சொல்லிவிடும் என்று பயந்தால், விசாரணையை மட்டும் இங்கே நடத்தி அறிக்கை அனுப்பட்டும். தண்டனையை டெல்லி தரட்டும். எல்லா அதிகார அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணை நிற்கணும் என்று 144வது பிரிவே சொல்கிறது.

நைஜீரியாவில் சாம்போ தசுகிக்கு உள்நாட்டுக் கோர்ட்டுகள் ஜாமீன் கொடுத்தும் அரசு விடவில்லை. அவர் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றத்துக்குப் போய் 2016ல் ஜெயித்தார். வெளியே வந்தது 2019 டிசம்பரில்! நமக்கு மேலே அப்படி ஒரு கோர்ட்டும் கிடையாது.

அடுத்த திங்கள் பெரியவரைப் பார்த்தேன். "அய்யா, டெல்லியில வாசல்லயே தள்ளுபடியா, விசாரிச்சுத் தள்ளுபடியா?" என்றேன். மஞ்சப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் முதல் பக்கம்தான் படிக்க முடிந்தது.