குட்டிக் கப்பல், ராட்சத பாஸ்: 'எஃப்.டி.எல்' கேமில் ஜெயிக்க வைப்பது லக்கா, மூளையா?

இரண்டு மணி நேரமாகக் காப்பாற்றி வந்த கப்பல். மூன்றே பேருடன் கிளம்பி, வழியில் ஆள் சேர்த்து, ஒவ்வொரு துளி எரிபொருளையும் எண்ணி எண்ணிச் செலவு செய்து, கடைசி மண்டலம் வரை கொண்டுவந்தாகிவிட்டது. எதிரே வருகிறது எதிரியின் தலைமைக் கப்பல். திரையின் பாதியை அதுவே அடைத்துக்கொள்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் ஏவுகணை, தீ, ஆக்ஸிஜன் காலி. 'கேம் ஓவர்.'

சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாமா? முடியாது. முதலிலிருந்துதான்.

'எஃப்.டி.எல்: ஃபாஸ்டர் தேன் லைட்' விளையாடிய எல்லோருக்கும் இந்த ராத்திரி தெரிந்திருக்கும். அப்போது பெரும்பாலானோர் வாயில் வரும் முதல் வார்த்தை, "லக் இல்லப்பா!" அந்த வார்த்தை எவ்வளவு தூரம் உண்மை? பாதிக்கும் குறைவு என்பதே சரியான பதில். மீதிக்கு விளையாடுபவரேதான் பொறுப்பு. இந்த கேமின் அழகும் அங்கேதான் இருக்கிறது.

இது என்ன கேம்?

ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் சேர்ந்து ஆரம்பித்த சப்செட் கேம்ஸ் நிறுவனம் 2012 செப்டம்பரில் வெளியிட்ட கேம் இது. இருவரும் அதற்கு முன் ஷாங்காயில் ஒரு பெரிய கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். கிக்ஸ்டார்ட்டரில் அவர்கள் கேட்டது 10,000 டாலர். வந்து சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கும் மேல். 2013இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் வடிவமைப்புக்கான விருதும் கிடைத்தது. 2014 ஏப்ரலில் 'அட்வான்ஸ்டு எடிஷன்' இலவச அப்டேட்டாக வந்தது. ஐபேடுக்கும் அப்போதுதான் வந்தது.

கதை சிம்பிள். கூட்டமைப்புக்கு ஒரு முக்கியத் தகவலைக் கொண்டுபோக வேண்டும். பின்னால் கலகக்காரர்களின் படை துரத்திக்கொண்டே வரும். எட்டு மண்டலங்களைக் கடந்து போனால், கடைசியில் அவர்களின் தலைமைக் கப்பலை வீழ்த்த வேண்டும். அதுதான் 'பாஸ்'.

முதலில் கிடைக்கும் கெஸ்ட்ரல் கப்பலில் என்ன இருக்கிறது? மூன்று மனிதர்கள், ஒரே ஒரு அடுக்கு ஷீல்டு, ஓர் ஏவுகணைக் கருவி, மூன்று குண்டுகள் சுடும் ஒரு லேசர். அவ்வளவுதான். பாஸ் கப்பலிலோ நான்கு அடுக்கு வரை ஷீல்டு, நான்கு பெரிய ஆயுதங்கள். அதை ஒருமுறை வீழ்த்தினாலும் போதாது. மூன்று கட்டமாக வரும். முதல் கட்டத்தில் மறைந்துகொள்ளும். இரண்டாவதில் டிரோன்களைக் கூட்டமாக ஏவும். மூன்றாவதில் கூடுதலாக ஒரு தனிக் கவசத்தைப் போர்த்திக்கொண்டு வரும்.

பலத்துக்குப் பலம் என்று நின்றால் குட்டிக் கப்பலுக்கு வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படி ஜெயிக்கிறார்கள்?

ஒரே ஆயுதம், இரண்டு விதமான முடிவு

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். இந்த கேமில் ஷீல்டின் ஓர் அடுக்கு ஒரு லேசர் குண்டைத் தடுக்கும். தடுத்த அடுக்கு மறைந்து, சில வினாடிகளில் திரும்ப வந்துவிடும்.

உங்களிடம் இரண்டு லேசர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 12 வினாடியில் தயாராகி மூன்று குண்டுகள் சுடும். இன்னொன்று 19 வினாடியில் தயாராகி ஐந்து குண்டுகள் சுடும். 'ஆட்டோ ஃபயர்' போட்டுவிட்டால் 12ஆவது வினாடியில் முதல் லேசர் சுடும். மூன்றும் ஷீல்டில் பட்டு வீண். அடுத்த லேசர் சுடுவதற்குள் ஷீல்டு பழையபடி எழுந்து நிற்கும். ஐந்தில் நான்கை அது தடுத்துவிடும். உள்ளே போவது ஒரே ஒரு குண்டு.

அதே இரண்டு லேசர்களை 19ஆவது வினாடி வரை அடக்கி வைத்து, ஒரே நேரத்தில் சுட்டால்? எட்டுக் குண்டுகள். நான்கை ஷீல்டு தடுக்கும். மீதி நான்கும் உள்ளே போகும். எதிரி விலகித் தப்பும் குண்டுகளைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிது.

ஆயுதம் மாறவில்லை. காசு செலவாகவில்லை. ஏழு வினாடி பொறுத்ததுதான் ஒரே மாற்றம். தோற்ற பலர் இந்த ஆட்டோ ஃபயர் பட்டனைக் கடைசி வரை அணைத்ததே இல்லை. அதற்கு லக்கைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கே அடிப்பது?

உள்ளே போகிற அந்த நான்கு குண்டுகளையும் எந்த அறைக்குக் குறி வைப்பது என்பது அடுத்த கேள்வி. புதிதாக விளையாடுபவர்கள் ஆயுதம், இன்ஜின், ஷீல்டு என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து அடிப்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் சேதம் இருக்கும், எதுவுமே நிற்காது.

பழகியவர்கள் ஷீல்டு அறையை மட்டும் அடிப்பார்கள். அந்த அறை சேதமானால் அடுக்குகளின் எண்ணிக்கையே குறையும். நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும். அடுத்த சுற்றில் இன்னும் நிறைய குண்டுகள் உள்ளே போகும். ஷீல்டு முழுசாக விழுந்த நொடியில் பீம் ஆயுதத்தை இழுத்துவிட்டால், ஒரே கோட்டில் பல அறைகள் காலி. அதே பீமை ஷீல்டு இருக்கும்போது அடித்தால் பெரும்பாலும் வீண். எதை அடிப்பது என்பதற்குச் சமமாக, எந்த வரிசையில் அடிப்பது என்பதும் முக்கியம்.

பாஸின் பலவீனம் எங்கே?

இந்தத் தலைமைக் கப்பலை வடிவமைத்தவர்கள் அதற்குள்ளேயே ஒரு ஓட்டையை வைத்திருக்கிறார்கள். அதன் நான்கு பெரிய ஆயுதங்களும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள். அந்த அறைகளுக்கும் கப்பலின் மற்ற பகுதிக்கும் நடுவே வழியே கிடையாது. அதாவது, உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற யாரும் வர முடியாது. ஆயுதம் உடைந்தால் சரிசெய்யவும் யாரும் வர முடியாது.

டெலிபோர்ட்டர் இருந்தால் இரண்டு பேரை நேராக அந்த அறைக்குள் அனுப்பலாம். சாதாரண ஷீல்டு ஆட்களைத் தடுக்காது. மனிதர்களைவிட ஒன்றரை மடங்கு வலுவாக அடிக்கும் மான்டிஸ் இனத்தவர் இருந்தால் இன்னும் வசதி. முதல் குறி ஏவுகணை அறைதான். காரணம், அதிலிருந்து வரும் மூன்று ஏவுகணைகளுக்கு உங்கள் ஷீல்டு ஒரு பொருட்டே இல்லை. நேராக உள்ளே வந்துவிழும். அந்த ஓர் அறையை அடக்கினாலே சண்டையின் பாதி பாரம் இறங்கிவிடும். டெலிபோர்ட்டர் இல்லையென்றால்? வரும் ஏவுகணையை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் தற்காப்பு டிரோன் இருக்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. உற்சாகத்தில் பாஸ் கப்பலில் இருக்கும் எல்லோரையும் கொன்றுவிட்டால், கணினி கப்பலைக் கையில் எடுத்துக்கொள்ளும். அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளவும் ஆரம்பிக்கும். அதனால் விவரமானவர்கள் தனி அறைகளில் இருப்பவர்களில் ஒருவரை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவைப்பார்கள். பெரும்பாலும் லேசர் அறைக்காரருக்குத்தான் அந்த யோகம். அவரால் கப்பலைச் சரிசெய்ய வெளியே வர முடியாது. ஒரு கட்டத்தில் செத்த ஆட்கள் அடுத்த கட்டத்தில் திரும்பி வருவதும் இல்லை. முதல் கட்டத்தில் செய்த வேலைக்கு மூன்றாவது கட்டத்தில் பலன் கிடைக்கும்.

இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் பாஸ் சக்தியைத் திரட்டி ஒரே வீச்சாகத் தாக்கும். அதற்கு முன்னெச்சரிக்கை வரும். அந்த நொடியில் மறையும் கருவியை இயக்கினால், குண்டுகளிலிருந்து தப்பும் வாய்ப்பு 60 சதவீதப் புள்ளிகள் கூடும். அதே கருவியைப் பதற்றத்தில் பத்து வினாடி முன்னால் அழுத்தியவருக்கு, தேவைப்படும்போது அது இருக்காது.

அப்படியென்றால் லக்கே கிடையாதா?

உண்டு. கடையில் என்ன ஆயுதம் விற்கும், வழியில் யார் சேருவார்கள், எந்தக் குண்டு தவறும் என்பதெல்லாம் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். சில ஆட்டங்களில் நல்ல ஆயுதம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இன்னொரு புகாரிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் நிற்பது எப்போதும் அதே பாஸ் என்பதால், வழியில் வித்தியாசமாக ஏதாவது முயன்று பார்க்க நினைப்பவர்களும் கடைசியில் அந்த ஒரு சண்டைக்காகவே கப்பலைக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தோற்ற ஆட்டங்களைப் பின்னோக்கிப் பார்த்தால், பிழை பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் நடந்திருக்காது. ஆரம்பத்தில் கிடைத்த 'ஸ்கிராப்'பை இரண்டாவது அடுக்கு ஷீல்டுக்குப் போடாமல் பளபளப்பான ஓர் ஆயுதத்துக்குக் கொடுத்திருப்பார். மண்டலங்களை அவசர அவசரமாகத் தாண்டி, வழியில் கிடைக்க வேண்டிய ஸ்கிராப்பை விட்டிருப்பார். கப்பலில் தீப்பிடித்தபோது, கதவைத் திறந்து காற்றை வெளியேற்றினால் தானாக அணையும் என்பதை மறந்து, ஆட்களைத் தீக்குள் அனுப்பியிருப்பார். கடைசியாகத் தவறிய குண்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். அதனால் பழி லக் மேல் விழுகிறது.

ஏன் இது முக்கியம்?

இன்று ஃபோனில் இருக்கும் பல கேம்களில் பாஸிடம் தோற்றால் என்ன நடக்கிறது? 'கப்பலை மேம்படுத்துங்கள்' என்று ஒரு பட்டன் வரும். அழுத்தினால் யூ.பி.ஐ பக்கம் திறக்கும். பணம் கட்டினால் கப்பல் பெரிதாகும், பாஸ் சின்னதாகும். அடுத்த பாஸ் வரும்போது திரும்பவும் அதே பட்டன். அங்கே ஜெயித்தது யார்? பர்ஸ்.

அந்த கேம்களை இலவசமாகவே விளையாடலாமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பணம் கட்ட வைப்பதற்காகவே கட்டப்பட்ட பாஸிடம் தோற்றவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ள அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. எஃப்.டி.எல் கேமை ஒருமுறை வாங்கினால் போதும், உள்ளே விற்க எதுவும் கிடையாது. அதில் தோற்றவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் மிஞ்சுகிறது. அடுத்த முறை அதே சின்னக் கப்பல், அதே பெரிய பாஸ். மாறியிருப்பது விளையாடுபவர் மட்டும்தான்.

கடினமான கேம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தோல்வி வலிக்க வேண்டும், ஆனால் அதற்கான விடை கேமுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்த விடைகளில் மிகப் பெரியது கீபோர்டிலேயே இருக்கிறது. சண்டை நடக்கும்போது எந்த நொடியிலும் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஐபேடிலும் இந்த வசதி உண்டு. கப்பல் பற்றி எரியும்போது பதறாமல் அதை அழுத்துபவர்தான் பாஸை ஜெயிக்கிறார்.