தமிழ்த் தாளும் ஆங்கிலத் தாளும் ஒன்றையே அளக்கின்றனவா? நீட் தேர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

நீட் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது. தரவரிசை மட்டும் ஒன்று. எந்த மொழியில் எழுதினாலும் 720க்கு வாங்கும் மதிப்பெண்ணுக்குப் பொருள் ஒன்றே என்ற நம்பிக்கையில்தான் அந்த வரிசை நிற்கிறது. அந்த நம்பிக்கையை ஆண்டுதோறும் புள்ளியியல் முறையில் சோதித்து, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

2018இல் தமிழ்த் தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு முதலில் தடை விதித்து, நவம்பரில் உத்தரவையே ரத்து செய்தது. அந்த 49இல் எவை மாணவர்களை உண்மையில் தடுமாற வைத்தன? எல்லோருக்கும் முழு மதிப்பெண், யாருக்கும் எதுவுமில்லை என்ற இரண்டு முடிவுகளிலும் இதற்கு விடை இல்லை.

விடைத் தரவுக்குள் அந்த விடை இருக்கிறது. பல குழுக்களின் காரணி அமைப்பை, அதாவது விடைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் திறன்களின் அமைப்பை, ஒருசேர ஒப்பிடும் முறையை ஸ்வீடன் நாட்டுப் புள்ளியியலாளர் கார்ல் யோரஸ்கோக் 1971இலேயே வகுத்துக் கொடுத்தார். இயற்பியல், வேதியியல், உயிரியல் கேள்விகள் இரு மொழியினரிடமும் ஒரே விதமாக அணிசேர்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு கேள்வியும் தன் காரணியோடு ஒரே அளவில் பிணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிப் படிதான் கடினமானது: சம திறன் கொண்ட இருவருக்கு அந்தக் கேள்வி சம அளவில் கடினமாக இருக்கிறதா? இதில் தேறாத மதிப்பெண்களை ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல. தமிழ்த் தாளில் மட்டும் கூடுதலாக ஒரு காரணி தலைகாட்டினால், பாட அறிவோடு மொழிபெயர்ப்பின் சிக்கலும் சேர்ந்து அளக்கப்படுகிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

இதைச் செய்பவர்கள் அவசரப்படக் கூடாது. சரி, தவறு என்ற இரண்டே நிலை கொண்ட விடைகளுக்குச் சாதாரண ஒட்டுறவுக் கெழுவைப் போட்டால், கேள்விகள் கடினத்தின்படி பிரிந்து போலிக் காரணிகள் முளைக்கும். இருநிலை விடைகளுக்குப் பொருந்தும் டெட்ராகோரிக் ஒட்டுறவோ கேள்வி மறுமொழிக் கோட்பாடோ தேவை. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அற்ப வேறுபாடும் முக்கியமானதாகத் தெரியும் என்பதால் வேறுபாட்டின் அளவையே பார்க்க வேண்டும். சராசரி குறைந்திருப்பது மட்டும் தாளின் குறைக்குச் சான்றாகாது. பள்ளியும் பயிற்சியும் வேறுபடும் நாடு இது.

ஒரு குறையை இந்த முறைகளாலும் பிடிக்க முடியாது. தமிழில் எல்லாக் கேள்விகளும் ஒரே அளவுக்குக் கடினமாகிவிட்டால், அது திறன் குறைவாகவே கணக்கில் தெரியும். ஆகவே இருமொழி அறிந்த பாட ஆசிரியர்கள் கேள்விகளை முன்கூட்டியே படித்துப் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும்.

பெயர் நீக்கிய, கேள்விவாரியான விடைத் தரவைத் தேசியத் தேர்வு முகமை மொழிவாரியாக ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்னும் விதியைக் கைவிட வேண்டும். பிழை உறுதியான கேள்வியை, முடிவு வெளியாகும் முன்பே, எல்லா மொழியினரின் மதிப்பீட்டிலிருந்தும் நீக்க வேண்டும்.