யோபுவின் நண்பர்கள் நம் பங்கிலும் உண்டு

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு சிறு பட்டறைக்கு நம் அன்பியத்தார் ஆறேழு பேர் சென்றோம். லேத் இயந்திரங்கள் எந்த அளவு நீரில் நின்றன என்பதைச் சுவரின் பழுப்புக் கோடு காட்டிற்று. மோட்டார்களுக்குள் சேறு. வங்கிக் கடனோ பாதிகூட அடைபடவில்லை. பட்டறைக்காரர் ஞாயிறு தவறாதவர். ஏழைகளுக்கென்று வீடு வீடாய் அரிசி திரட்டியவர்.

ஆறுதல் சொல்லத்தானே போனோம்? நம்மில் ஒருவர், ஆண்டவர் தமக்கு வேண்டியவர்களைத்தான் சோதிப்பார் என்றார். இன்னொருவர் சற்றுக் குரலைத் தாழ்த்தி, வீட்டில் குடும்பச் செபம் ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரித்தார். அவர் பதில் ஏதும் கூறவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாம் செபமாலை சொல்லி, தேநீர் அருந்தி விடைபெற்றோம். தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

அன்று நாம் செய்தது பாவம் என்றே இப்போது எண்ணுகிறோம். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் யோபுவைக் காண வந்து ஏழு நாள் தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். துன்பம் வந்ததென்றால் குற்றம் இருந்திருக்கவேண்டும் என்பதே அவர்களது வாதம். நூலின் முடிவில் கடவுள் சினங்கொள்வது யாரிடம்? தம் பிறந்த நாளையே சபித்து, நீதி கேட்டு வழக்காடிய யோபுவிடம் அன்று. கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களிடம். நம் செபக்கூட்டங்களில் யோபுவின் பொறுமை எத்தனையோ முறை போற்றப்படுகிறது. நாற்பத்திரண்டு இயல்களில் அவர் பொறுமையாய் இருப்பது முதல் இரண்டில் மட்டுமே என்பதை எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இந்த நண்பர்களின் வாதத்திற்கு இனிய முகமும் ஒன்று உண்டு. அதற்கு நாம் சாட்சியம் என்று பெயரிட்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்று காலை வேளாங்கண்ணியில் ஆழிப்பேரலை திருத்தலத்தின் வாசலருகே வந்து திரும்பியது; திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இதைப் புதுமை என்று இன்றும் சொல்கிறோம். பிழைத்தவர் நன்றி கூறுவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அதே வேளையில் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களும் அதே அன்னையைத் தேடி வந்தவர்கள்தாம். சிலர் மொட்டையடித்து நேர்ச்சை செலுத்தியிருப்பார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளே இருந்தவரை அன்னை காத்தார் என்று மேடையில் முழங்கும்போது, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் கடைசி வரிசையில் அமர்ந்து அதன் மறுபாதியைத் தானே முடித்துக்கொள்கிறாள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, கோவிலுக்குள் இருந்தவர்கள்மீதே கூரைகள் விழுந்தன. அங்கே இந்தச் சாட்சியத்தை எப்படிச் சொல்வது?

இதைவிட நமக்குச் சினமூட்டுவது வேறொன்று. பூவிருந்தவல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரம். இருபத்துநான்கு அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் முதல் நாள் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றுக் கரையில் உறங்கியவர்களின் வீடுகளுக்குள் இரவோடு இரவாக வெள்ளம் புகுந்தது. ஏரி முழுக் கொள்ளளவை எட்டாத நிலையிலேயே அந்த அளவு நீர் திறக்கப்பட்டதென்றும், அது மனிதர் விளைவித்த பேரிடருக்குக் காரணமாயிற்றென்றும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கூறியது. சட்டமன்றத்தில் அது வைக்கப்பட்டது 2018இல். அரசு தரப்பு அதற்கு முன்பே இக்குற்றச்சாட்டை மறுத்திருந்தது. வழக்கு எப்படியும் இருக்கட்டும். ஆற்றின் கரையை ஆக்கிரமித்ததும் ஏரிகளைத் தூர்த்து மனை போட்டதும் கடவுளா? அந்த மனைகளில் சிலவற்றை வாங்கி, அருள்பணியாளரை அழைத்து மந்திரித்துக் குடிபுகுந்தவர்கள் நாமல்லவா? மதகைத் திறந்த கைக்கும் ஏரியை விற்ற கைக்கும் இறைவனின் சித்தம் என்ற திரையைப் போடுவது பக்தி ஆகாது. அது கடவுளின் பெயரில் பொய்ச்சான்று சொல்வதாகும்.

இயேசுவிடம் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்றவரைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லையென்று அவரே மறுத்தார். லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் இயலில் இருக்கிறது. ஏன் விழுந்தது என்று மட்டும் அவர் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்படியெல்லாம் எழுதினால் ஏழை எளியவரின் ஒரே ஆறுதலையும் பறித்துவிடுவீர்கள் என்று சில வாசகர்கள் வருந்தக்கூடும். நாம் பார்த்தவரையில் எளியவர் அந்த ஆறுதலைத் தாமாகக் கேட்டதில்லை; நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பெரும்பாலும் வேறு எதையும் கொடுக்காமல் இருப்பதற்காக. திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும். நம் பாடல் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை தேறும்? சிலுவையில் தொங்கியவர் தம்மை ஏன் கைவிட்டீர் என்று தந்தையிடம் உரக்கக் கேட்டார். கேட்டதனால் அவர் மகன் என்ற உரிமையை இழந்துவிடவில்லையே. அவருக்கு இருந்த உரிமையை அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்கு மறுக்க நாம் யார்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அதே பட்டறைக்குள் மீண்டும் நீர் புகுந்தது. இம்முறை காயில் கட்டத் தெரிந்த இளைஞர் இருவரை நம் அன்பியத்திலிருந்தே அழைத்துக்கொண்டு போனோம். எவரும் உரையாற்றவில்லை. இரண்டு நாள் சேறு வாரினோம். மாலையில் அவரே பேச்சைத் தொடங்கினார்: “எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நடந்துகிட்டுதான் இருக்கு. சமாதானம் மட்டும் இன்னும் ஆகலை.”

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு அவர் வந்திருந்தார். நன்றிப் பாடலின்போது மட்டும் வாய் திறக்கவில்லை.